கேட்டதும் சொன்னதும்: ரெஸ்லிங்கில் யார் கையில் கடிவாளம்?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, 'டி.வி.யில் வருகிற அமெரிக்க ரெஸ்லிங்கைப் பொய் என்கிறவர்கள் முதலில் கூத்தையும் நாடகத்தையும் பொய் என்று சொல்லட்டும்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்தது வினை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இத்தனை பேர் சின்ன வயதில் மல்லர்களின் படமும் அளவும் போட்ட டிரம்ப் கார்டு சீட்டுக்காகச் சண்டை போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆகவே சொத்துத் தகராறு, முடி கொட்டுவது, மருமகள் பேசாமல் இருப்பது எல்லாம் அடுத்த மாதத்துக்கு. இந்த மாதம் முழுக்க இதுதான். பிடிக்காதவர்கள் ராசிபலன் பக்கத்துக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அண்டர்டேக்கர் என்கிற மல்லனின் சீட்டுக்காக ஏழாம் வகுப்பில் நண்பனிடம் அடி வாங்கியவன் நான். இப்போது என் மகன் போனில் பார்க்கிறான். "எல்லாம் ஒத்திகை பார்த்துட்டு வந்து அடிக்கிறானுவ" என்று என் அப்பா கேலி செய்கிறார். உண்மையில் எவ்வளவு பேசி வைத்தது, எவ்வளவு மேடையில் தோன்றுவது?
வாசகர், மார்த்தாண்டம்

அப்பா சொல்வது பாதி சரி. யார் ஜெயிப்பது, எப்படி ஜெயிப்பது, எத்தனை நிமிடத்தில் முடிப்பது, இந்த மூன்றும் ஆபீஸ் முடிவு. இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. விளையாட்டு ஆணையத்தின் மேற்பார்வையும் கட்டணமும் வேண்டாம் என்பதற்காக, இந்த ரெஸ்லிங்கை நடத்திய வின்ஸ் மெக்மஹானின் கம்பெனியே (இப்போதைய டபிள்யூ.டபிள்யூ.இ.) 1989-ல் நியூ ஜெர்சி மாநில செனட்டில் 'இது போட்டி கிடையாது, பொழுதுபோக்கு' என்று ஒப்புக்கொண்டுவிட்டது. நாம் இங்கே சீட்டில் உயரம், எடை, மார்பளவு என்று வாசித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே அவர்கள் உண்மையைச் சொல்லி வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

ஆனால் ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் நடுவில் இருப்பதுதான் விஷயம். பழைய தலைமுறை ஆட்கள் முடிவை மட்டும் பேசிக்கொண்டு ரிங்குக்குள் போவார்கள். மிச்சத்தை அங்கேயே காதில் சொல்லிச் சொல்லிக் கட்டுவார்கள், பெரும்பாலும் வில்லனாக ஆடுகிறவன்தான் வழிநடத்துவான். ஒருவன் இன்னொருவன் தலையைக் கக்கத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா இருப்பான் பாருங்கள், நாம் 'மூச்சு முட்டுது, செத்தான்' என்று பதறுவோம். அந்த நேரத்தில் அவன் அடுத்து என்ன என்று சொல்லிக்கொண்டிருப்பான், முகம் மறைந்திருப்பதால் கேமராவுக்குத் தெரியாது. நடுவர் வெறும் நடுவர் இல்லை, தூது போகிற ஆள். உள்ளிருந்து அவர் காதுக்கு வருகிற தகவல் இவர்களுக்குப் போகும். நேரம் முடிந்தால் 'வீட்டுக்குப் போங்க' என்பார், முடிவை நோக்கிப் போங்கள் என்று அர்த்தம். விளம்பர இடைவேளை, கேமரா கோணம் எல்லாம் வந்த பிறகு முன்கூட்டியே பேசி வைப்பது கூடிவிட்டது, அதுவும் பெரிய போட்டி என்றால் நிறையவே.

அப்பாவிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். துணிக்கு அடியில் மெல்லிய பஞ்சு, அதற்கடியில் பலகை, அதற்கடியில் இரும்பு. அதன்மேல் நூற்றிருபது கிலோ ஆள் முதுகு அடிபட விழுகிறான். எத்தனை ஒத்திகை பார்த்தாலும் வலியை ஒத்திகையிலேயே தீர்த்துவிட்டு வர முடியுமா?

அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நம்பினோம். உண்மையா?
வாசகர், குளச்சல்

உண்மைதான். அதில் ஆறு எங்கள் தெருவிலேயே செலவாகிவிட்டது.

'படைப்புக் கட்டுப்பாடு', அதாவது தன் பாத்திரத்தின் கதையில் தன் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவார்களாமே? தோற்க மாட்டேன் என்று ஒருவன் எழுதி வாங்கிவிட்டால் அப்புறம் கதை எப்படி நடக்கும்?
கல்லூரி மாணவி, தக்கலை

நடக்காது, அதுதான் பிரச்சினை. இரண்டு சம்பவம் சொல்கிறேன், இரண்டிலும் இதே ஷரத்துதான்.

முதலாவது 1997 நவம்பர் 9, கனடாவின் மாண்ட்ரியல். பிரெட் ஹார்ட் அந்த ஊர்க்காரர்களின் செல்லப்பிள்ளை, கையில் சாம்பியன் பட்டம். முந்தைய வருஷம்தான் 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தார். பிறகு மெக்மஹானே பணக்கஷ்டம், போட்டிக் கம்பெனிக்குப் போய்க்கொள் என்று சொல்ல, அவரும் கிளம்பத் தயாரானார். ஆனால் கடைசி 30 நாளுக்கு அவருடைய பாத்திரத்தின்மீது 'நியாயமான படைப்புக் கட்டுப்பாடு' அவருக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பட்டத்தை விட்டுத்தர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால், தனக்கு ஆகாத ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க மாட்டேன் என்றார். சரி, குழப்பத்தில் போட்டி முடிவில்லாமல் நிற்கட்டும் என்று பேசி முடித்தார்கள். ரிங்கில், மைக்கேல்ஸ் பிரெட்டின் சொந்தப் பிடியையே அவர்மேல் போடுவது வரைக்கும் பேசி வைத்தபடிதான் நடந்தது. அவர் அதிலிருந்து மீள வேண்டிய நேரத்தில், ரிங் ஓரத்தில் நின்ற மெக்மஹான் மணியை அடி என்று கத்த, நடுவர் ஏர்ல் ஹெப்னர் கை காட்ட, மணி அடித்துவிட்டது. பிரெட் சரணடையவே இல்லை. எல்லோர் முன்னாலும் முதலாளி முகத்தில் துப்பினார்.

இரண்டாவது 2000 ஜூலை 9, ஃபுளோரிடாவின் டேட்டோனா பீச். இப்போது ஆள் ஹல்க் ஹோகன், கம்பெனி மெக்மஹானின் போட்டிக் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ. அவரிடமும் இதே ஷரத்து. முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை, ஷரத்தை நீட்டினார். கடைசியில் எதிராளி ஜெஃப் ஜாரெட் ரிங்கில் போய் அப்படியே மல்லாக்கப் படுத்துக்கொள்ள, ஹோகன் அவர் மார்பில் காலை வைத்து ஜெயித்தார். அடி இல்லை, பிடி இல்லை, காசு கொடுத்து வந்தவன் கொட்டாவி விட்டான். பிறகு கதை எழுதுகிற வின்ஸ் ருஸ்ஸோ மைக்கைப் பிடித்து ஹோகனைத் திட்டித் தீர்க்க, அவர் அவதூறு வழக்குப் போட, அது தள்ளுபடி ஆனது.

இரண்டையும் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. ஷரத்து கையில் இருந்தும் பிரெட்டால் அதைக் காப்பாற்ற முடியவில்லை, ஏனென்றால் மணி முதலாளி கையில். ஹோகனால் காப்பாற்ற முடிந்தது, ஆனால் காப்பாற்றி என்ன கண்டார்? நான் பிரெட் பக்கம்தான், எனக்கு அந்த மனுஷனை அப்போதிலிருந்தே பிடிக்கும், இதில் நடுநிலையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். இருந்தாலும் ஒரு வேடிக்கை. மாண்ட்ரியலில் நிஜமாகவே சம்பாதித்த வெறுப்பை வைத்துத்தான் மெக்மஹான் 'கெட்ட முதலாளி' பாத்திரத்தைக் கட்டினார், அதை வைத்துப் பல வருஷம் வண்டி ஓட்டினார். பிரெட் 2010 ஜனவரியில்தான் மறுபடி அந்த ரிங்கில் கால் வைத்தார்.

என் மாமா வில்லுப்பாட்டு பாடுகிறவர். "நாங்க ஏட்டைப் பார்த்துப் பாடினாலும் சாமி வர்ற நேரத்துக்கு ஏடு உதவாது" என்பார். ரெஸ்லிங்கும் அப்படித்தானா?
வாசகர், சுசீந்திரம்

உங்கள் மாமாவையே இந்தப் பக்கத்தை எழுதச் சொல்லியிருக்கலாம். என் அம்மைக்கு ஊர் பூதப்பாண்டி பக்கம். கோயில் கொடை நாளில் வில்லுக்கு முன்னால் பாயைப் போட்டு இடம் பிடிப்பது எங்கள் வேலை. சுடலைமாடன் கதை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது பாட்டிகளுக்கெல்லாம் தலைகீழாகத் தெரியும், தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். முடிவு தெரிந்தால் ருசி போய்விடும் என்கிறவர்களுக்கு என்னுடைய பதில் அந்தப் பாட்டிகள்தான்.

பாடுகிறவர் கதையை ஓட்டிக்கொண்டே இருப்பார், ஒரு கண் மட்டும் சாமியாடுகிறவர் மேல். அந்த ஆளின் உடம்பில் நடுக்கம் தெரிந்ததோ இல்லையோ, பாதியில் நிற்கிற கதை அப்படியே நிற்கும், சாமியை வரவழைக்கிற வரத்துப் பாட்டு ஏறும், உடுக்கும் குடமும் முறுகும். ஆட்டம் இறங்கவில்லை என்றால் அதே வரி பத்துத் தடவை வரும். ஒரு வருஷம் சாமி ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டது, பூசைச் சாமான்கூட முழுக்க எடுத்து வைக்கவில்லை. பாடுகிறவர் அசரவில்லை, வில்லில் தட்டுகிற வீசுகோலை ஓங்கி ஒரு அடி, நாலு கட்டம் தாண்டிப் போய்விட்டார். பக்கத்தில் உடுக்கு வைத்திருந்தவர் ஒரு நொடி முழித்தார், பிறகு அவரும் தாண்டி வந்து சேர்ந்துகொண்டார். எனக்கு அந்த ஒரு நொடி முழிப்புதான் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

ரெஸ்லிங்கில் சாமியாடி இடத்தில் இருப்பது கூட்டம். 2002 மார்ச் 17, டொரண்டோ. ஹோகன் வில்லன், ராக் நல்லவன், எழுதி வைத்தது அப்படி. மணி அடித்ததும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம் ஹோகனுக்குக் கத்தியது, ராக்கை ஊளையிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அங்கேயே ஆட்டத்தின் சாய்வை மாற்றினார்கள். ராக் கொஞ்சம் முரட்டுத்தனம் காட்ட, ஹோகன் பழைய நாயகன் போலச் சிலிர்த்தார். முடிவு மாறவில்லை, ராக்தான் ஜெயித்தார். வழி முழுக்க மாறிவிட்டது.

ஆபீஸ் எழுதிய முடிவையே கூட்டம் மாற்றியது உண்டா?
வாசகர், திங்கள்சந்தை

உண்டு. 2014 ஜனவரியில் ராயல் ரம்பிள், அதாவது முப்பது பேர் ஒவ்வொருவராக ரிங்குக்குள் வந்து மோதி, ஜெயித்தவன் பட்டப் போட்டிக்குப் போகிற போட்டி. அதில் டேனியல் பிரையன் வருவார் என்று கூட்டம் காத்திருந்தது. கடைசி ஆளாக, 30-ஆவதாக ரே மிஸ்டீரியோ வந்தார். பாவம், அவரை யாருக்குமே பிடிக்காமல் இருந்ததில்லை, அன்றைக்கு அவருக்கே ஊளை. ஜெயித்த பட்டிஸ்டாவுக்கும் அதே மரியாதை. பட்டிஸ்டாவும் ரேண்டி ஆர்ட்டனும் மட்டும் மோதுவதாக இருந்த ரெஸில்மேனியா (வருஷத்தின் பெரிய நிகழ்ச்சி) பட்டப் போட்டியில் பிரையனுக்கும் இடம் வைக்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் 6 ராத்திரி முதலில் டிரிபிள் ஹெச்சை, பிறகு அந்த இருவரையும் தாண்டிப் பட்டத்தைத் தூக்கினார். ஓட்டுப் போட்டுகூட நமக்கு இவ்வளவு சீக்கிரம் காரியம் நடப்பதில்லை.

'ஆஸ்டின் 3:16' என்று எழுதிய டீ-சர்ட்டோடு ஆலயத்துக்கு வந்த என் தம்பியை அம்மா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வரிக்கு என்ன கதை?
வாசகி, கருங்கல்

அம்மா செய்தது சரி, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பைபிளின் யோவான் 3:16 வசனத்தை மதிலிலும் ஆட்டோவின் முதுகிலும் குருசடிப் பக்கத்திலும் படித்து வளர்ந்த ஊரில் அந்தச் சட்டையோடு ஆலயத்துக்குப் போவதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

கதை இது. 1996 மே 19, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். கம்பெனியை விட்டுப் போகிற இரண்டு நண்பர்களை வழியனுப்ப, ஷான் மைக்கேல்ஸும் டிரிபிள் ஹெச்சும் ரிங்கிலேயே அவர்களைக் கட்டிப்பிடித்துவிட்டார்கள். கதைப்படி அந்த நால்வரும் ஒரே பக்கத்து ஆட்கள் கிடையாது, நல்லவனும் வில்லனும் தோளில் கைபோட்டு நின்றால் எப்படி? அதற்குத் தண்டனை டிரிபிள் ஹெச் தலையில் விழுந்தது. அடுத்த மாதம் அவர் ஜெயிப்பதாக இருந்த 'கிங் ஆஃப் தி ரிங்' போட்டித் தொடர் ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போனது. ஜூன் 23, மில்வாக்கி. அன்றைய முதல் போட்டியில் உதடு கிழிந்து, ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்த ஆஸ்டினிடம், இறுதிப் போட்டியில் வரப்போகிற ஜேக் ராபர்ட்ஸ் வேத வசனம் கலந்து பேட்டி கொடுத்திருப்பதாக யாரோ சொன்னார்கள். ஜெயித்ததும் மைக்கில் வாய்க்கு வந்ததைப் பேசினார்: யோவான் 3:16 பற்றிப் பேசுகிறாய், ஆஸ்டின் 3:16 உன்னைப் புரட்டியெடுத்தேன் என்கிறது, என்று. யாரும் எழுதிக் கொடுத்த வரி கிடையாது. மறுநாளே கூட்டத்தில் அட்டைகள், பிறகு சட்டைகள், பிறகு உங்கள் தம்பி.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்தக் காலத்தில் ஆட்களிடம் 'இதைப் பற்றிப் பேசு, இந்த ஊரில் இந்தத் தேதிக்குச் சண்டை என்று முடி' என்று நாலு குறிப்பு கொடுத்து அனுப்புவார்கள். பிறகு டெலிவிஷன் எழுத்தாளர்கள் உள்ளே வந்து வரிக்கு வரி எழுதிக் கையில் திணிக்கத் தொடங்கினார்கள். மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற மல்லன் முகத்தைப் பாருங்கள், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வரவேற்புரை மறந்த பிள்ளை மாதிரியே இருக்கும். உடம்புக்குத் திட்டம் வேண்டும், தப்பினால் கழுத்து போகும். நாக்குக்கு எதற்கு அவ்வளவு கயிறு? 2019-ல் தொடங்கிய ஏ.இ.டபிள்யூ. என்கிற புதுக் கம்பெனி பேச்சைப் பெரும்பாலும் ஆட்களிடமே விட்டது, அதில் உளறல்களும் உண்டு, ஆனால் உளறுகிறவன் சொந்தமாக உளறுகிறான்.

2011-ல் சி.எம். பங்க் மேடை ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதலாளியையே கிழித்தாரே, மைக்கை அணைத்தார்களே, அது நிஜக் கோபமா?
வாசகர், குலசேகரம்

கோபம் நிஜம். பேச அனுமதி கொடுத்தது கம்பெனி. மைக்கை அணைத்ததும் ஏற்பாடு.

எழுதி வைத்து ஆடினால் உயிர் இருக்காது என்கிற கட்சி நீங்கள் என்று தெரிகிறது. ஆனால் ராண்டி சாவேஜ், ரிக்கி ஸ்டீம்போட் போட்டியை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?
வாசகர், நாகர்கோவில் வடசேரி

பிடித்துவிட்டீர்களே. 1987 மார்ச் 29, பான்டியாக் மைதானம், மூன்றாம் ரெஸில்மேனியா. ஹோகன் ஆண்ட்ரேவைத் தூக்கிப் போட்ட அதே நாள். சாவேஜ் ஒவ்வொரு அசைவுக்கும் எண் போட்டு எழுதி வைத்து, ஸ்டீம்போட்டிடம் நடுவிலிருந்து கேள்வி கேட்பாராம், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. மற்ற மல்லர்களுக்கு இது கேலியாக இருந்தது. அன்றைக்கு வந்த கூட்டம் ஹோகனுக்காக வந்தது, ஆனால் வருஷங்கள் கழித்து ரசிகர்கள் பாடமாக வைத்துப் பார்ப்பது இந்தப் போட்டியைத்தான்.

ஆகவே என் கட்சிக்கு இது ஒரு அடி, வாங்கிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு. அந்தப் பட்டியலை எழுதியது ஆபீஸ் கிடையாது, ஆடுகிறவனே. தன் கையால் போட்ட கோலத்துக்கும் ஸ்டிக்கர் கோலத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. இரண்டிலும் புள்ளி வரிசை பிசகாது, இருந்தாலும் வாசலில் நிற்கிறவளுக்குத் தெரியும்.

நான் அடிமுறை கற்பவன். எங்கள் ஆசான் ஒரு அடி பிசகினால் பயிற்சியை நிறுத்திவிடுவார். நடுவில் நிஜமாகவே அடிபட்டால் ரெஸ்லிங்கில் என்ன செய்வார்கள்?
வாசகர், அருமனை

நடுவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் பெருக்கல் குறியாகக் காட்டுவார், நிஜக் காயம் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தகவல். ஆனால் எப்போதும் நிறுத்துவதில்லை.

1997 ஆகஸ்ட் 3-ல் ஓவன் ஹார்ட் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்துக் கீழே இறக்கினார். தலை காலிடுக்கில் பத்திரமாக இருக்க வேண்டும், கொஞ்சம் கீழே தொங்கிவிட்டது. ஆஸ்டினுக்குக் கழுத்தில் அடி, கைகால் அசையவில்லை. ஜெயிக்க வேண்டியவர் அவர். ஓவன் பார்த்தார், சட்டென்று கூட்டத்தைப் பார்த்துக் கேலி செய்து நேரம் கடத்தினார். ஆஸ்டின் கொஞ்சம் உணர்வு வந்து தவழ்ந்து போய்ப் பின்னாலிருந்து காலைப் பிடிக்க, ஓவன் தானே உருண்டு கொடுக்க, மூன்று எண்ணி முடித்தார்கள். பார்க்கவே பரிதாபமான முடிவு, ஆனால் எழுதியபடி ஆஸ்டின் ஜெயித்தார்.

மறு வருஷம் ஜூன் 28, பிட்ஸ்பர்க். மேன்கைண்ட் என்கிற மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் கூண்டின் உச்சியிலிருந்து மேசைமேல் தள்ளிவிட்டது பேசி வைத்தது. பிறகு மறுபடி மேலே ஏறியபோது கூரைக் கம்பிவலை பிய்ந்து உள்ளே விழுந்தாரே, அது யாரும் எழுதாதது. கூடவே நாற்காலியும் முகத்தில் விழுந்து பல் போயிற்று. அதற்கு அப்புறமும் போட்டி நடந்தது, பேசி வைத்தபடியே தோற்றார். இதை ரசித்துப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது, அப்போது விசிலடித்தேன். உங்கள் ஆசான் நிறுத்துகிறாரே, அவரை விட்டுவிடாதீர்கள்.

கிறிஸ்துமஸ் நாடகம் எழுதி இயக்குகிறேன். ஏரோது வேஷம் போடுகிற பையன் நான் எழுதாத வசனத்தையெல்லாம் அவிழ்த்துவிடுகிறான், கைதட்டல் அவனுக்குத்தான். இந்த வருஷம் வேறு ஆளைப் போடலாமா?
வாசகர், மண்டைக்காடு

போடாதீர்கள். கைதட்டல் வாங்குகிற ஏரோது கிடைப்பது லேசு கிடையாது, உங்களுக்கு வருவது ரோஷம், அது இரண்டு நாளில் போய்விடும். அவனைக் கூப்பிட்டு ஒன்று மட்டும் கறாராகச் சொல்லுங்கள்: நடுவில் எதையும் பேசிக்கொள் மக்களே, கடைசி வார்த்தையை மட்டும் நான் எழுதினபடி சொல், அதைக் கேட்டுத்தான் மூன்று ஞானிகளும் உள்ளே வருவார்கள். அப்புறம் மேய்ப்பர்களாக வருகிற சின்னப் பிள்ளைகளிடமும் அந்த வார்த்தையைச் சொல்லி வைத்துவிடுங்கள், ஞானிகள் ஏதாவது ஒரு பக்கம் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களாவது பிடித்துத் தள்ளிவிடுவார்கள்.